கடலில் கோடு போட்டவர்களும் கடலில் வலை போடுகிறவர்களும்

வெளியுறவுக் கொள்கை என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? சிவப்புக் கம்பளம், கைகுலுக்கும் இரு தலைவர்கள், நீண்ட மேசையின் இருபுறமும் கோப்புகளோடு அமர்ந்திருக்கும் அதிகாரிகள். அது படித்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம், நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று செய்தித்தாளின் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறோம். ஆனால் தங்கச்சிமடத்திலோ பேசாலையிலோ வாழும் ஒரு மீனவக் குடும்பம் அப்படிப் புரட்டிவிட்டுப் போக முடியாது. இரு நாடுகளின் தலைநகரங்களில் எழுதப்படும் ஒரு வரி, அந்தக் குடும்பத்தின் படகு இன்று கரை திரும்புமா, காங்கேசன்துறையில் கட்டி வைக்கப்படுமா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

அப்படியானால் அந்த வரியை எழுதும் முன் அந்தக் குடும்பத்தைக் கேட்க வேண்டாமா? ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையில் சாதாரண மக்களுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியைப் பொதுவாகப் பேசினால் அது காற்றோடு போய்விடும். நமது கடற்கரைப் பங்குகளில் உள்ளோர் எல்லாரும் அறிந்த பாக்கு நீரிணையை வைத்தே அதைப் பார்ப்போம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இந்திய அரசியலமைப்பின்படி வெளிநாட்டு விவகாரங்களும் பிற நாடுகளோடு செய்யும் உடன்படிக்கைகளும் மத்திய அரசின் பட்டியலில் உள்ளவை. உடன்படிக்கையில் கையெழுத்திட அரசு முன்கூட்டியே நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 253ஆம் பிரிவின்படி, செய்துகொண்ட உடன்படிக்கையை நடைமுறைப்படுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம், அவ்வளவுதான். மீன்பிடித் தொழிலோ இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கரையோரக் கடலில் மீன்வளம் மாநிலத்தின் பொறுப்பு. நாட்டின் கடல் எல்லைக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு மத்திய அரசின் பொறுப்பு. மீன் இந்தப் பட்டியல்களைப் படித்ததில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான் கடல். அங்கே மாநிலக் கடல் எங்கே முடிகிறது, மத்தியக் கடல் எங்கே தொடங்குகிறது, அடுத்த நாட்டின் கடல் எங்கே வருகிறது என்பது இரவில் வலை இழுப்பவனுக்குக் கண்ணில் தெரியும் காரியமல்ல.

இந்தக் கடலில்தான் 1974 ஜூன் மாதம் கோடு போடப்பட்டது. பிரதமர் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவை இலங்கைப் பக்கத்தில் வைத்தது. அந்த உடன்படிக்கையைக் கவனமாகப் படித்தால், எழுதியவர்கள் மீனவரை அடியோடு மறந்துவிடவில்லை என்பது தெரியும். இந்திய மீனவரும் திருப்பயணிகளும் இதுவரை போலவே கச்சத்தீவுக்குச் சென்று வரலாம், அதற்குக் கடவுச்சீட்டோ விசாவோ தேவையில்லை என்று ஐந்தாம் பிரிவு சொன்னது. இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடலில் வழிவழியாக அனுபவித்து வந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்று ஆறாம் பிரிவு சொன்னது. "வழிவழியாக" என்ற அந்தச் சொல்லுக்குள் என்னென்ன அடங்கும்? தீவில் வலை உலர்த்துவதா? சுற்றியுள்ள கடலில் மீன் பிடிப்பதா? புனித அந்தோணியார் கோவிலில் திருப்பலி காண்பது மட்டுமா? அந்த உரிமைகளை அனுபவித்து வந்தவர்களைக் கேட்டிருந்தால், ஒரே பிற்பகலில் பட்டியல் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பட்டியல் இல்லாமல் சொல் மட்டும் நின்றது.

இரண்டே ஆண்டுகளில் அந்தச் சொல்லும் கரைந்தது. 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. அதோடு இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது என்பது அக்கடிதங்களில்தான் வருகிறது. ஒரு தலைமுறையின் பிழைப்பு அலுவலர் இருவரின் கடிதத்தில் முடிவானது. அந்தக் காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். நாட்டில் நெருக்கடி நிலை நடப்பில் இருந்தது. தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டு சனவரி 31 அன்று கலைக்கப்பட்டிருந்தது. 1974 ஆகஸ்டில் கச்சத்தீவைக் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றிய சட்டமன்றமும் அப்போது இல்லை, உரக்கப் பேசும் பத்திரிகையும் இல்லை.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லை என்று ஒன்று இருந்தால்தான் இரு நாடுகளும் நட்போடு வாழ முடியும் என்று அன்றைய அரசு கருதியது. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிகுந்த வாட்ஜ் கரை 1976இல் இந்தியாவின் பக்கம் உறுதியானதும் உண்மைதான். கொடுக்கல் வாங்கல் என்ற கணக்கில் அது ஈடாகத் தோன்றலாம். ஆனால் கன்னியாகுமரிக் கடலில் வந்தது இராமேசுவரத்துக்காரனின் வீட்டு அடுப்பை எரிக்காது. யாருடைய பங்கைக் கொடுத்து யாருக்கு வாங்குகிறோம் என்பதைக் கொடுப்பவனிடம் சொல்லாமல் செய்யும் கணக்கு எப்படி முழுக் கணக்காகும்?

கச்சத்தீவு விவகாரம் யாருக்கு முன்கூட்டியே தெரியும், யாருக்குத் தெரியாது என்ற சண்டை 2024 மக்களவைத் தேர்தலின்போது மறுபடியும் பெரிதாக எழுந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளிவந்த பழைய ஆவணங்களைக் காட்டி, முதலமைச்சருக்குச் சொன்னோம், சொல்லவில்லை என்று கட்சிகள் வாதிட்டன. அந்த வாதத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. மீனவரைக் கேட்டோம் என்று எந்தத் தரப்பும் சொல்லவில்லை.

மக்களைக் கேட்டு வெளியுறவு நடத்த முடியுமா என்று சிலர் கேட்கலாம். ஒரு நாடு அதை நூறு ஆண்டுகளாகச் செய்து வருகிறது. சுவிட்சர்லாந்து 1909ஆம் ஆண்டு ஜெர்மனியோடும் இத்தாலியோடும் கோத்தார்டு இரயில் பாதை குறித்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. சரக்குக் கட்டணத்தில் அந்நாடுகளுக்கு அளித்த சலுகைகள் மக்களுக்குப் பிடிக்கவில்லை. இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தும் 1913இல் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்துவிட்டது. சுவிஸ் மக்கள் அதோடு விடவில்லை. இனி இப்படிப்பட்ட உடன்படிக்கைகளைப் பற்றி எங்களைக் கேட்க வேண்டும் என்று கோரிக்கை எழுப்பி, 1921இல் வாக்கெடுப்பின் மூலம் அரசியலமைப்பையே திருத்திவிட்டார்கள். இன்று முக்கியமான உடன்படிக்கை ஒன்றை எதிர்த்து 100 நாட்களுக்குள் 50,000 குடிமக்கள் கையெழுத்திட்டால் அது வாக்கெடுப்புக்கு வந்தாக வேண்டும்.

ஐக்கிய நாடுகள் அவையில் சேருவதா என்று 1986இல் கேட்டபோது நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். அரசு பதினாறு ஆண்டுகள் பொறுத்திருந்து, விளக்கிச் சொல்லி, 2002 மார்ச் 3 அன்று மறுபடியும் கேட்டது. 54.6 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். மாநிலங்களின் கணக்கில் 12க்கு 11 என்று மயிரிழையில் தப்பியது. அந்த ஆண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்து ஐ.நா.வின் உறுப்பு நாடானது. அரசுக்கு இதில் எவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது பாருங்கள். எல்லாம் அழகான கதை என்று சொல்ல வரவில்லை. 1971 வரை அந்நாட்டுப் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமையே கிடையாது. எனவே ஐம்பது ஆண்டுகள் "மக்களைக் கேட்டோம்" என்பதற்குப் பொருள் ஆண்களைக் கேட்டோம் என்பதுதான்.

சுவிஸ் முறையில் வாக்கெடுப்பைவிட நமக்கு அதிகம் பயன்படக்கூடிய பகுதி வேறொன்று என்று நினைக்கிறோம். முக்கியமான சட்டங்களையும் உடன்படிக்கைகளையும் செய்வதற்கு முன் மாநிலங்களையும் கட்சிகளையும் அக்காரியத்தோடு தொடர்புள்ள அமைப்புகளையும் கருத்துக் கேட்க வேண்டும் என்று அந்நாட்டு அரசியலமைப்பின் 147ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா போன்ற பெரிய நாட்டில் ஒவ்வொரு உடன்படிக்கைக்கும் வாக்கெடுப்பு நடத்துவது ஆகிற காரியமல்ல. பஞ்சாபிலும் அசாமிலும் இருப்பவர் பாக்கு நீரிணையைப் பற்றி வாக்களிப்பதால் பெரிய பயனும் இல்லை. பாதிக்கப்படுகிறவரைத் தேடிப்பிடித்துக் கேட்பது முடியக்கூடிய காரியம்.

பாக்கு நீரிணையில் அது ஒருமுறை அல்ல, பலமுறை நடந்திருக்கிறது. ஆனால் அரசுகள் தொடங்கி வைத்ததல்ல. இலங்கையில் 2002ஆம் ஆண்டு போர்நிறுத்தத்துக்குப் பிறகு வடக்கு மீனவர் மெல்லக் கடலுக்குத் திரும்பினார்கள். பல ஆண்டுகள் அவர்களுக்குக் கடலே மறுக்கப்பட்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தால், தங்கள் கரைக்கு மிக அருகே தமிழ்நாட்டு விசைப்படகுகள் இழுவைமடி போட்டுக்கொண்டிருந்தன. அவர்களிடம் இருந்தவை கண்ணாடியிழைப் படகுகளும் செவுள்வலைகளும். கடன் வாங்கி வாங்கிய வலை ஒரே இரவில் இழுவைமடியில் சிக்கி அறுந்து போகும். இறாலுக்காக 1960களிலிருந்து நமது பக்கத்தில் அரசே ஊக்குவித்த இழுவைப்படகுகள் நமது கடலின் அடித்தளத்தைச் சுரண்டி முடித்து, அடுத்த கரையை நோக்கிப் போனதும் மறைக்க முடியாத உண்மை. இருபுறமும் தமிழர். பலர் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவர்கள். போர்க்காலத்தில் மண்டபம் முகாமில் அடைக்கலம் பெற்ற நன்றியும் அவர்களிடம் உண்டு, அறுந்த வலையின் கசப்பும் உண்டு.

2004 மே மாதத்தில் தமிழ்நாட்டு மீனவர் குழு ஒன்று தொண்டு அமைப்புகளின் துணையோடு இலங்கைக்குச் சென்று அங்குள்ள மீனவரைச் சந்தித்தது. 2010 ஆகஸ்டில் இலங்கை மீனவர் இங்கே வந்தார்கள், கடற்கரை ஊர்களைப் பார்த்தார்கள், சென்னையில் அமர்ந்து பேசினார்கள். இந்தப் பேச்சில் அதிகாரிகளின் பேச்சில் கிடைக்காத ஒன்று இருந்தது. வலையின் கண்ணளவைப் பற்றி மீனவர் மீனவரிடம் பொய் சொல்ல முடியாது. எந்த மடி எதை வாரிக்கொண்டு போகும், எந்தப் பருவத்தில் எவ்வளவு டீசல் செலவாகும், ஒரு நாள் தொழில் நின்றால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். எனவே இறையாண்மை, வரலாற்று உரிமை என்ற பெரிய சொற்களை ஓரமாக வைத்துவிட்டு நாட்கணக்குக்கு வந்தார்கள். ஓராண்டுக்குள் இழுவைமடியை நிறுத்திவிடுவது, அந்த ஓராண்டில் 70 நாட்கள் மட்டும் கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவு தள்ளித் தொழில் செய்ய விடுவது என்று 2010இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். யோசித்துப் பாருங்கள். இழுவைப்படகு வைத்திருப்பவர் இழுவைமடியைக் கைவிடுகிறேன் என்கிறார். வலை அறுபட்டவர் இன்னும் 70 நாட்கள் பொறுத்துக்கொள்கிறேன் என்கிறார். எந்த வெளியுறவு அமைச்சகம் இப்படி ஓர் ஒப்பந்தத்தைத் தன் மக்கள்மீது திணித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியும்?

அந்த உடன்பாட்டை இரு அரசுகளும் ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. கையெழுத்திட்ட மீனவருக்கு அதை மற்றவர்மீது செயல்படுத்தும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர்களோ அந்தக் கூட்டத்தில் பங்காளிகளாக இல்லை. அந்த ஆண்டும் போயிற்று, 70 நாள் கணக்கும் போயிற்று.

பின்னர் அரசுகள் மீனவர் பேச்சைத் தங்கள் ஏற்பாட்டில் நடத்தத் தொடங்கின. 2014 சனவரியில் சென்னையிலும் மே மாதத்தில் கொழும்பிலும், 2015 மார்ச்சில் மறுபடியும் சென்னையிலும் கூடினார்கள். ஆனால் இதற்குள் நம்பிக்கை தேய்ந்துவிட்டிருந்தது. நமது தரப்பு ஆண்டுக்குச் சில நாட்கள் வீதம் மூன்று ஆண்டு அவகாசம் கேட்டது. ஓராண்டு வாக்குறுதி என்ன ஆயிற்று என்று கண்ட அவர்கள், உடனே நிறுத்துங்கள் என்றார்கள். 2016 நவம்பரில் தில்லியில் கூடியபோது இரு நாட்டு அதிகாரிகளைக் கொண்ட கூட்டுப் பணிக்குழு அமைக்கப்பட்டது. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியை முற்றிலும் தடை செய்தது. அந்தத் தடை குருநகரில் இழுவைப்படகு வைத்திருந்த இலங்கைத் தமிழரையும் சேர்த்தே தாக்கியது என்பதை இங்கே பலர் கவனிப்பதில்லை.

அதே 2017இல் இந்திய அரசு பாக்கு நீரிணை மீனவரை ஆழ்கடலுக்குத் திருப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுகளில் 2,000 இழுவைப்படகுகளுக்குப் பதில் ஆழ்கடல் படகுகள் என்பது இலக்கு. ஒரு படகின் விலை 80 இலட்சம் ரூபாய். அதில் பாதி மத்திய அரசு, ஐந்தில் ஒரு பங்கு மாநில அரசு, ஐந்தில் ஒரு பங்கு வங்கிக் கடன், மீதி பத்தில் ஒரு பங்கு மீனவர் கையிலிருந்து. கேட்பதற்குத் தாராளமான திட்டம். நடந்ததோ இலக்கில் மிகச் சிறு பகுதி. மாலையில் போய் மறுநாள் காலையில் திரும்புகிற தொழிலாளிக்கு, வாரக்கணக்கில் கடலில் தங்கிச் சூரை பிடிப்பது வேறு தொழில், வேறு வாழ்க்கை. கைப்பணமாக எட்டு இலட்சம், அதற்கு மேல் வங்கிக் கடன். இதுவும் முதலில் கரையில் அமர்ந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"மீனவரைக் கேட்க வேண்டும்" என்று நாம் சொல்லும்போது யாரைச் சொல்கிறோம் என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். பேச்சு மேசைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் சங்கத் தலைவர்கள், படகு உரிமையாளர்கள். விசைப்படகில் கூலிக்குப் போகும் ஐந்தாறு பேரின் குரல் அங்கே எப்படி ஒலிக்கும்? கைதாவது பெரும்பாலும் அவர்கள்தான். கரைவலையும் நாட்டுப்படகும் வைத்திருப்பவர் நமது பக்கத்திலும் இழுவைமடியால் பாதிக்கப்பட்டவர். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பாக்கு நீரிணையில் இன்று உள்ள ஏற்பாடே மோதல்களுக்குப் பிறகு வந்ததுதான். மீன் வாங்கி விற்கும் பெண்கள், கருவாடு காய வைக்கும் பெண்கள், கணவன் யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும்போது வட்டிக்காரனுக்குப் பதில் சொல்லும் பெண்கள், இவர்களில் எத்தனை பேர் அந்த மேசையில் இருந்தார்கள்? சுவிட்சர்லாந்தைப் பற்றிச் சொன்ன குறை நமக்கும் பொருந்துகிறது.

இரகசியம் என்ற தடை ஒன்றும் உண்டு. இரு நாடுகள் பேரம் பேசும்போது எல்லாவற்றையும் ஊரறியச் சொல்ல முடியாது என்பது சரியே. தகவல் உரிமைச் சட்டமும் வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் செய்திகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் பேரத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்போம் என்பது வேறு, மக்களுக்கு எது தேவை என்று முன்கூட்டியே கேட்டு அறிவது வேறு. முதலாவதை மறைக்கலாம். இரண்டாவதைக் கேட்பதால் எந்த இரகசியமும் வெளியே போய்விடாது. சட்ட முன்வரைவுகளை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014இல் ஒரு கொள்கை வகுத்தது. உடன்படிக்கைகளுக்கு அப்படி ஒன்று இல்லை. வெளியுறவுத் துறைக்கென நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று இருக்கிறது. நிலைக்குழுக்கள் பொதுமக்களிடமிருந்தும் அமைப்புகளிடமிருந்தும் மனுக்களை ஏற்பது வழக்கம். நமது கடற்கரைப் பங்குகளிலிருந்து முதலமைச்சருக்கும் பிரதமருக்கும் எத்தனையோ மனுக்கள் போயிருக்கின்றன, பெரும்பாலும் யாராவது கைதான மறுநாள். அடுத்த பேச்சுவார்த்தையில் என்ன கேட்க வேண்டும் என்று, யாரும் கைதாகாத ஒரு வாரத்தில், நாட்டுப்படகுக்காரரும் கூலித் தொழிலாளரும் பெண்களும் சேர்ந்து எழுதிய மனுவை அந்தக் குழுவுக்கு அனுப்ப என்ன தடை?

கச்சத்தீவுத் திருவிழாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். தவக்காலத்தில் இரண்டு நாட்கள் இரு நாட்டு மக்களும் விசா இல்லாமல் சந்திக்கும் இடம் அது. வேர்க்கோடு பங்கிலிருந்து பெயர்ப்பட்டியல் போகும், யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து அழைப்பு வரும், இருபுறக் குருக்களும் திருப்பலியில் நிற்பார்கள். இரு நாட்டு அதிகாரிகளும் அங்கேதான் இருப்பார்கள். 2024 பிப்ரவரியில் கைதான மீனவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்து இராமேசுவரம் மீனவர் அந்தத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். அந்தோணியாருக்கு நேர்ச்சை வைத்திருந்தவர்களும் கரையிலேயே நின்றார்கள். வெளியுறவில் தங்கள் குரலைக் கேட்க வைக்க அவர்களிடம் மீந்திருந்தது அது ஒன்றுதான் போலும். அந்த ஆண்டிலேயே ஜூன் மாதத்தில் படகு ஒன்றைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். ஆகஸ்டு முதல் நாள் நெடுந்தீவு அருகே கடற்படைக் கலமும் படகும் மோதியதில் இராமேசுவரம் மீனவர் ஒருவர் இறந்தார்.

2025 மார்ச்சில் திருவிழாவுக்கு இங்கிருந்து படகுகள் மறுபடியும் போயின. அதே மாதம் தமிழ்நாட்டு மீனவப் பிரதிநிதிகள் சிலர் வவுனியா சென்று வடக்கு மீனவரோடு ஒரே மேசையில் அமர்ந்தார்கள். பேசியது மறுபடியும் இழுவைமடியைப் பற்றித்தான்.